தங்கமணியின் போட்டு

"இன்னாக்கா இது, போட்டா, மாட்டு வண்டியா?"

இளைஞன் ஒருவன் கேட்டதும் சவாரி வந்த குடும்பமே சிரித்தது. படகின் பின்னால் எஞ்சின் பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த தங்கமணியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வேகத்தை மட்டும் கூட்டவில்லை.

கரையில் நின்ற செழியனுக்கு எரிச்சலாக வந்தது.

கச்சிராயபாளையம் தாண்டி, மலையடிவாரத்து ஏரியில் படகுச் சவாரியை இந்த வருஷம் குத்தகைக்கு எடுத்திருப்பவன் அவன். சில பெடல் போட்டுகள், ஒரே ஒரு பழைய மோட்டார் போட்டு. அதை ஓட்டுகிற தங்கமணியும் அந்தப் போட்டோடு கூடவே வந்தவள்தான். குத்தகைக்காரர்கள் மாறினாலும் அவள் மாறவில்லை.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. காலையில் முதல் ஆளாக வந்து பிளக்கைக் கழற்றித் தேய்ப்பாள். கார்பரேட்டரைச் சுத்தம் செய்வாள். விசிறியில் சிக்கிய பாசியைப் பிடுங்கிப் போடுவாள். சாயங்காலம் எஞ்சினைத் துடைத்து, கோணி போர்த்திவிட்டுத்தான் கிளம்புவாள்.

'இவ்ளோ பாத்தும் இன்னா புண்ணியம்? நகர மாட்டேங்குதே!'

குடும்பம் இறங்கியதும் செழியன் ஏறிக்கொண்டான்.

"ஒரு ரவுண்டு போங்கக்கா. நானே பாக்கறேன்."

நடு ஏரி தாண்டியும் அதே நடைதான்.

"புது போட்டு ஒண்ணு பேசி வச்சிருக்கேன்க்கா. நாளைக்கு முடிவு சொல்லணும். இதைப் பழைய இரும்புக்குப் போட்டுட வேண்டியதுதான்."

தங்கமணியின் கை எஞ்சின் மூடியை ஒருமுறை தடவியது. "நல்லா ஓடற எஞ்சின் தம்பி."

"ஓடுதா? நடக்குதுன்னு சொல்லுங்க."

அப்போதுதான் அந்த அலறல் கேட்டது.

தூரத்தில் ஒரு பெடல் போட்டு. சிக்கிக்கொண்ட பெடலைச் சரிசெய்யக் குனிந்தவர் தண்ணீருக்குள் விழுந்திருந்தார். புழுக்கத்துக்கு லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்திருந்தார் போல.

"ஐயோ, அவருக்கு நீச்சல் தெரியாதுங்க!" மனைவி கதறினாள்.

"கெட்டியா பிடிச்சுக்குங்க தம்பி!"

தங்கமணி பிடியை முறுக்கினாள்.

படகின் மூக்கு மேலே எழும்பியது. செழியன் பின்னால் சரிந்து, பலகையைப் பற்றிக்கொண்டான். காற்று முகத்தில் அறைந்தது. கண் மூடித் திறப்பதற்குள் பெடல் போட்டு பக்கத்தில் வந்துவிட்டது. கொஞ்சம் முன்னாலேயே அவள் எஞ்சினை அணைத்தாள். படகு தானாக வழுக்கிக்கொண்டு போய், முங்கி எழுந்தவரின் அருகில் நின்றது. இருவருமாக அவரை உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

தண்ணீரைக் கக்கி, இருமி, அவர் கண்ணைத் திறந்தார்.

பெடல் போட்டையும் கயிறு கட்டி இழுத்து வந்தபோது கரையில் ஒரே கைதட்டல்.

செழியனுக்கு நம்பவே முடியவில்லை. "இவ்ளோ வேகத்தை வச்சிக்கினு ஏன்க்கா எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கினு இருந்தீங்க? நாளையிலருந்து இதே வேகந்தான்!"

"முடியாதுங்க தம்பி. இன்னொரு வேலை பாக்கி இருக்குது, வாங்க."

எதிர்க்கரைக்கு மெதுவாக ஓட்டிப் போனாள்.

அங்கே கோரைப் புல்லுக்கிடையில் இரண்டு லாரி டியூப்புகள் கவிழ்ந்து கிடந்தன. கூலி வேலை இல்லாத நாளில் டியூப்பில் மிதந்து மீன் பிடிக்கும் பாவாடையும் அவர் மனைவி ஜெயம்மாளும் இடுப்பளவுத் தண்ணீரில் வலையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பிடித்த மீனெல்லாம் போயிருந்தது.

"அந்த ஆளு பொழைச்சிட்டாரா தங்கமணி?" என்றுதான் பாவாடை முதலில் கேட்டார்.

"பொழைச்சிட்டாருண்ணே." அவள் செழியன் பக்கம் திரும்பினாள். "நான் முறுக்கினா அலை இங்க வந்துதான் அடிக்கும் தம்பி."

"இதைச் சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொன்னா போட்டையா நிறுத்துவாங்க? டியூப்புதான் ஏரியில எறங்கக் கூடாதும்பாங்க."

சொல்லிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வலையைத் தேட ஆரம்பித்தாள். செழியனும் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினான்.

மறுநாள் புது போட்டுக்காரர் போன் செய்தார்.

"அந்த போட்டு வேணாங்க," என்றான் செழியன்.

"ஏன் சார்? விலை ஜாஸ்தியா தெரியுதா?"

"அதில்லைங்க. வேகம் ஜாஸ்தி."