மதகைத் திறந்தவர்

"மதகை மூடுய்யா! கொளுத்துற வெயில்ல தண்ணியைத் திறந்து விடுறியே, உனக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா?"

மாட்டுப்பண்ணைக்காரர் போட்ட சத்தத்தில், அணைக்குக் கீழே இருக்கிற நாலு வீட்டு ஆட்களும் கரையேறி வந்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் மதகுச் சக்கரத்தில் கை வைத்தபடி கரையடியையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன மண் அணைதான். எங்கள் நிலத்தில் என் மாமனார் கட்டியது. ஆனால் கீழே உள்ள தோட்டங்களுக்கும் மாடுகளுக்கும் இதை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. அது இப்போது ஓடையில் வீணாகப் பாய்ந்துகொண்டிருந்தது.

"சொந்த அணைன்னா என்ன வேணா செய்வியா? என் நாற்பது மாடும் நாக்கு வறண்டு சாகணுமா?" பண்ணைக்காரர் சக்கரத்தைப் பிடித்துத் திருகப் போனார்.

"தொடாதீங்க தம்பி! இப்ப மூடினா கரை உடைஞ்சிடும்."

"கதை விடாதே!"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கரையடியில் கசிகிற தண்ணீரை இவர் தினமும் காலையில் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். இன்று டம்ளரை என்னிடம் காட்டவே இல்லை. பார்த்த உடனே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடியிருந்தார்.

"இதை வாயைத் திறந்து முதல்லயே சொல்லக் கூடாதா, மனுஷா!" என்று கத்தினேன்.

அதற்குள் யாரோ புகார் சொல்லி, பொதுப்பணித் துறை அதிகாரியே ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். கரையடியில் கலங்கல் தண்ணீர் கொப்பளிப்பதைக் குனிந்து பார்த்தார்.

"திறந்து விட்டதால தப்பிச்சீங்க. இல்லைன்னா நாலு வீடும் போயிருக்கும். தண்ணி பாதிக்கு இறங்கினதும் மூடிக்கலாம். ஆனா இது எப்படி ஆச்சு?"

இவர் தலையைக் குனிந்தார். "எலி வளைங்க. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அணைக்கு அனுமதியே ரத்து" என்று அதிகாரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

"ஒரு எலியைப் பார்த்துக்கத் துப்பில்லை, இவருக்கு அணை ஒரு கேடு!" பண்ணைக்காரர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரையில் ஒரு செடி முளைத்தாலே பிடுங்கிப் போடுகிற மனுஷன், எலியை வளை தோண்ட விடுவாரா?

"தம்பி, ஒரு நிமிஷம்." கடைசியாக இறங்கப் போன பண்ணைக்காரரை இவர் கூப்பிட்டார். மதகுக்குப் பின்னால் கிடந்த சாக்கிலிருந்து, மண் அப்பிய கறுப்புத் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

பண்ணைக்காரர் முகம் வெளிறிப் போயிற்று.

"கரைக்குள்ள வளை தோண்டின உங்க எலியோட வால், தம்பி. யாரும் பார்க்கிறதுக்குள்ள எடுத்துட்டுப் போங்க. இனிமே மாட்டுக்குத் தண்ணி பத்தலைன்னா, என்கிட்ட வாய் திறந்து கேளுங்க."