வால்வுக்குப் போட்ட சாக்ஸ்

மகனுக்கு அனுப்பிய பழைய ஆம்ப்ளிஃபயர் வழியிலேயே அடிபட்டுத் திரும்பி வந்துவிட்டது. அவள் நஷ்டஈடு கேட்டாள். பார்சல் கம்பெனி ஆய்வாளர் வீட்டுக்கே வந்து பெட்டியைப் பிரித்தார்.

"மூடி சப்பையாயிடுச்சு மேடம். ஆனா உள்ளே பல்பு மாதிரி இருக்கிற ரெண்டு கண்ணாடி வால்வும் முழுசா இருக்கு. தனியா கழட்டிச் சுத்தியிருக்கீங்களே, கெட்டிக்காரிதான்!"

அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். வால்வைக் கழற்ற வேண்டும் என்பதையே மறந்து, அப்படியே வைத்து ஒட்டியிருந்தாள். கழற்றி சாக்ஸுக்குள் நுழைத்து அனுப்புவது கணவரின் வழக்கம். அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகிறது.

ஆய்வாளர் நீட்டியது சாம்பல் நிற சாக்ஸ். குதிகாலில் அவள் போட்ட பச்சை நூல் தையல். சுடுகாட்டுக்குத் தூக்கும் முன் கணவர் காலில் அவளே மாட்டி அனுப்பியது.

"பணம் வேணும்னா பேக்கிங் சாமான் பூரா ஆபீஸுக்கு வந்தாகணும். அதான் ரூல்ஸ்."

"இந்த சாக்ஸுமா?"

"அழுக்கு சாக்ஸுக்கா மேடம் இவ்வளவு யோசனை?"

"நஷ்டஈடே வேணாம் தம்பி. நீங்க கிளம்புங்க."

கதவைச் சாத்திவிட்டு வால்வுகளை உருவி மேசையில் வைத்தாள். காலி சாக்ஸைக் கன்னத்தில் வைத்தபோது, இப்போதுதான் கழற்றியதுபோல் கதகதப்பாக இருந்தது.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "இப்ப வெறுங்காலோடவா நிக்கிறீங்க?"