நடுவில் ஒரு வெள்ளை

பிடித்த சரக்கை முதலில் பழிக்க வேண்டும் என்பது தோணி முதலாளி காசிம் மரைக்காயரின் பாலபாடம். ஓவியக்கூடத்தில் அந்தப் படம் பிடித்துப்போனதும் முகத்தைச் சுளித்தார். முக்கோணமும் கோடுமாய் ஏழு தோணிகள். பாயை இறக்கிவிட்டு, மூக்கையெல்லாம் நடுவிலிருந்த வெறும் வெள்ளையை நோக்கித் திருப்பி நின்றன.

“பாதித் துணி சும்மா கெடக்கே தம்பி, அதுக்குமா சேத்து வெல?”

கேட்டது ஓவியர் பிரிட்டோவை. கூடத்து மேலாளர்தான் முந்திக்கொண்டார்: “அந்த வெள்ளை மனுஷனோட தனிமை சார்.”

“தனிமையாவது, வெங்காயமாவது! நாப்பது வருசமா தோணி விடுறேன். நடுக்கடல்ல ஏழு தோணி பாய எறக்கிட்டு வட்டங்கட்டி நின்னா, அங்கன ஒண்ணு முங்கி…”

பிரிட்டோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரைக்காயர் கிட்டே போய் வெள்ளையைத் தடவினார். சாயம் அங்கே மட்டும் தடிப்பாக இருந்தது. அடியில் ஒரு முக்கோணத்தின் விளிம்பு விரலில் தட்டியது.

“யாரு?”

“அண்ணன்.”

வியாபாரம் கைநழுவுகிறதென்று மேலாளர் பதறினார். “வெலைய வேணா கொறச்சுக்கலாம் சார்.”

“கொறைக்காதீங்க” என்றார் மரைக்காயர். வெள்ளையிலிருந்து விரலை எடுக்கவில்லை.