மிதுரா கடல் பார்க்கப் போகிறாள்

"மிதுரா பாவம், நல்லாக் களைச்சுப்போனா," என்றான் சிவரூபன், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் நின்ற தக்சாயினிக்குக் கை சுட்டது. வைப்பதற்கு இடமில்லை. மேசை முழுக்க மிதுராதான்.

மிதுராவுக்குக் கழுத்து நோகும். மிதுராவுக்கு உறைப்பு ஒத்துவராது. மிதுராவை ஒரே இருப்பில் இருத்தி வேலை வாங்கக் கூடாது; வெயில் சரிந்தால் அவளுக்குக் கடல் வேண்டும். இதெல்லாம் சிவரூபனுக்கு மனப்பாடம்.

மனைவிக்கு எந்தப் பக்கம் தலையிடிக்கும் என்று கேட்டால் யோசிப்பான்.

இத்தனைக்கும் மிதுரா என்று ஒருத்தி உலகத்தில் இல்லை.

தக்சாயினிக்கு அது முதல் கிழமையே தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்து, இங்கிருந்தபடியே அலுவலக வேலையையும் பார்த்து, ஊரையும் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு செயலி. எப்போது வேலை, எப்போது எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டுப் புறப்பட வேண்டும் என்று அது சொல்லும். அதை வடிவமைக்கிறவன் சிவரூபன். யாருக்காகச் செய்கிறோமோ அந்த ஆள் கண்முன்னே நிற்க வேண்டும் என்று கொம்பனி சொன்னதாம். அவன் ஒஸ்லோவிலிருந்து ஒருத்தியை இறக்கிவிட்டான். படம்கூடப் போட்டிருந்தான். சிரித்த முகம், காற்றில் பறக்கிற தலைமயிர்.

இருக்கிற பெண் என்றால் ஒரு நாளாவது முகம் வாடி நிற்பாள். நேரில் போய் நாலு கேள்வி கேட்கலாம். இல்லாதவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

செயலியைச் சோதிப்பதற்கென்று மிதுராவுக்குத் தனியாக ஒரு கைபேசியும் இருந்தது. அதை ஏந்திக்கொண்டு சிவரூபன் வளவைச் சுற்றி நடப்பான். வாழைத்தோட்டம் காடு. கிணற்றடி கடற்கரை. ஒருநாள் அங்கே உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த தக்சாயினியைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லும், மிதுரா கடலுக்கு வந்திட்டா," என்றான்.

அவளும் சவர்க்காரக் கையோடு தள்ளி நின்றாள்.

இன்றைக்கு வல்வெட்டித்துறையில் இந்திரவிழா. அவள் பிறந்து வளர்ந்த கடற்கரை ஊர். கலியாணத்துக்குப் பிறகு வருகிற முதல் விழா என்பதால், மகளும் மருமகனும் சோடியாக வந்து நிற்பார்கள் என்று தாய் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். புகுந்த ஊரான உரும்பிராயில் செம்மண் இருக்கிறது, நல்ல தண்ணீர் இருக்கிறது. இரவில் அலைச் சத்தம் மட்டும் இல்லை. இங்கே வந்த நாளிலிருந்து தக்சாயினிக்கு நித்திரை பாதிதான்.

"வேலை கிடக்கு, அடுத்த வருசம் பாப்பம்," என்று அவன் காலையிலேயே சொல்லிவிட்டான்.

இப்போது கோப்பையை வாங்காமல், மிதுராவின் கைபேசியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"என்னோடை வேலை செய்யிற றஜிந்தன் மோட்டச்சைக்கிள்ளை வருவான், இதைக் குடுத்துவிடும். மிதுராவை இண்டைக்கு இந்திரவிழாவுக்கு அனுப்புறன். எத்தினை நாளைக்குத்தான் அவ வளவுக்கையே சுத்துறது?"

தக்சாயினி கைபேசியை வாங்கிக்கொண்டாள். கோப்பையை அலுமாரித் தட்டில் வைத்தாள்.

"ஓம்," என்றாள்.

படலையில் வந்து நின்ற றஜிந்தனிடம், வேறு ஆள் கொண்டுபோவதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். பெட்டியின் அடியில் கிடந்த பச்சைச் சேலையை உடுத்தாள். கோப்பாய்ச் சந்திக்கு நடந்துபோய், பஸ்ஸில் யன்னல் ஓரமாக இடம் பிடித்தாள்.

புத்தூர் தாண்டும்போது மிதுராவின் கைபேசி அதிர்ந்தது. செயலி இன்னும் தானாகப் பேசப் பழகவில்லை. கைபேசி போகிற இடத்தைத் திரையில் பார்த்து, அதற்கு வாயாக இருந்து ஒவ்வொரு வரியையும் எழுதுகிறவன் சிவரூபன்தான்.

'நேரத்துக்குப் புறப்பட்டுவிட்டீர்கள், மிதுரா. சந்தோசம். வல்லை வெளியில் காற்று பலமாக அடிக்கும். தலையை மூடிக்கொள்ளுங்கள்.'

தக்சாயினி சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடினாள்.

மூடிய பிறகுதான் எரிச்சல் வந்தது. அது அவளுக்குச் சொன்னதல்ல. கலியாணம் முடித்து இதே வெட்டவெளியால் மோட்டார் சைக்கிளில் கூட்டிவந்தபோது, மாலைப் பூவெல்லாம் காற்றில் உதிர்ந்துபோனது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

தலைப்பை விலக்கிவிட்டாள்.

'யாரோடு போகிறீர்கள்?'

றஜிந்தன்தான் மிதுராவாக இருந்து பதில் எழுதுகிறான் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். அவள் ஒற்றை விரலால் எழுதினாள்.

'தனியத்தான். அவருக்கு வேலை.'

கொஞ்சம் பொறுத்துப் பதில் வந்தது.

'என்ன மனிதர் அவர்! வேலை நாளைக்கும் இருக்கும். அடுத்த முறை கணினியைப் பூட்டிவிட்டுக் கையைப் பிடித்து இழுத்து வாருங்கள்.'

அவள் அதை இரண்டாம் முறை வாசித்தாள். எவ்வளவு நல்ல மனிதன்! மிதுரா கொடுத்துவைத்தவள்.

பஸ் வல்லை வெளிக்குள் இறங்கியபோது கைப்பைக்குள் அவளுடைய சொந்தக் கைபேசி அடித்தது.

"தக்சா, அந்தத் தேத்தண்ணி எங்கை? ஆறியிருந்தால் சூடாக்கிக் கொண்டாரும்." சிவரூபனின் குரலில் சந்தோசம் வழிந்தது. "மிதுரா வல்லைக்கு வந்திட்டா, தெரியுமே!"

காற்று யன்னலால் புகுந்து அவளுடைய தலைமயிரை அள்ளிப் பறக்கவிட்டது.

"தெரியும்," என்றாள் தக்சாயினி. "தேத்தண்ணியை நீங்களே சூடாக்குங்கோ. மிதுரா இன்னும் கடலைக் காணேல்லை."

பஸ் நீளமாக ஹோர்ன் அடித்தது. அது அவனுக்கும் கேட்டிருக்கும். அவள் தொடர்பைத் துண்டித்தாள்.

இரண்டு கைபேசிகளையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பிறகு ஒன்று அதிர்ந்தது. மிதுராவுடையது.

அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை. தன்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு, அது அடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.