கேசட் அட்டையில் இருந்த ஆள்

செல்போனைக் கையில் வாங்கிய சென்னம்மாள் படத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுல கண்ணயே காணமே சாமி?"

இளம்பரிதிக்குச் சுருக்கென்றது. அந்தப் படத்தில் அவனுக்குப் பிடித்ததே அதுதான். கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழி.

"ஜெராக்ஸ்மேல ஜெராக்ஸ் எடுத்திருக்காங்கம்மா, அதான்" என்று முணுமுணுத்தான்.

ஓசூர் சிப்காட்டில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிற பையன் அவன். ஆளுக்கொரு கிறுக்கு இருக்குமில்லையா, இவனுக்கு ஹார்ட்கோர் பங்க் என்கிற கத்தல் பாட்டு. அதிலும் இன்றைக்குப் பாடுகிறவர்கள் ஆகாது. இருபது முப்பது வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு ஒரு கோஷ்டி சேர்ந்து, எண்ணி நாலு பேர் முன்னால் தொண்டை கிழியக் கத்திவிட்டு, இருந்த இடம் தெரியாமல் போனார்களே, அவர்கள்தான் வேண்டும்.

பெங்களூர், ஓசூர் பக்கம் அப்படிக் கத்தியவர்களைத் தேடித் தேடி இன்ஸ்டாகிராமில் போடுவான். ஒரு பாட்டு ஒரு நிமிஷம் வந்தால் அதிகம். அதற்குள் முதலாளி, போலீஸ், பெற்ற அப்பன் எல்லோரும் திட்டு வாங்கி முடித்திருப்பார்கள்.

அப்படிச் சிக்கியதுதான் 'ராத்திரி ஷிப்ட்' என்ற ஓசூர்ப் பையன்களின் கேசட். பிரஸ் மெஷினில் அகப்பட்டுச் செத்த ஒரு தொழிலாளிக்காகப் போட்டது. அட்டையில் அவர் முகம்.

அந்த முகத்தை இளம்பரிதி தன் இன்ஸ்டா பக்கத்தில் போட்டபோது ஆளாளுக்கு நெருப்பு எமோஜி போட்டார்கள். "செம மிரட்டல் ப்ரோ" என்றார்கள். இவனும் பதிலுக்கு இதயம் போட்டான்.

அந்த மிரட்டலுக்கு முனிவேல் என்று ஒரு பேர் இருந்தது. கெலவரப்பள்ளி பக்கத்தில் வீடு இருந்தது. ரோஜாப் பண்ணைக்குப் பூ வெட்டப் போகிற பெண்டாட்டி இருந்தாள். கோஷ்டியில் டிரம்ஸ் வாசித்தவர்தான் வழி சொல்லி அனுப்பினார்.

"அந்தப் பசங்க இங்கயே வந்தாங்க" என்றாள் சென்னம்மாள். "பாட்டுல உங்க வூட்டுக்காரருக்கு நாயம் கேக்கறோங்க்கா, போட்டோ குடுங்கன்னாங்க. கம்பெனில சேர எடுத்தது, அது ஒண்ணுதான் இருந்துது. குடுத்துட்டன்."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ தேவலை.

கல்யாணத்தில் எடுக்கவில்லையா என்று கேட்டான். கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்களாம். படம் பிடிக்க யார் இருந்தார்கள்?

சுவரில் ஒரு போட்டோச் சட்டம் மாட்டியிருந்தது. போட்டோ திரும்பி வந்ததும் போடலாமென்று அப்போதே வாங்கி வைத்தது. உள்ளே வெறும் அட்டை. கண்ணாடிமேல், நெற்றி வரவேண்டிய இடமாகப் பார்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். அமாவாசைக்கு அமாவாசை துடைத்துப் புதிதாக வைப்பாளாம்.

நியாயம் கேட்கிற பாட்டை இத்தனை காலம் காதில் மாட்டிக்கொண்டு திரிந்தானே, ஒரு நாளாவது இந்த வீட்டை நினைத்தானா? சீ, என்ன ஜென்மம் நான் என்று தோன்றியது.

"எம்மவ ரேவதிக்கு ஆவணில கல்யாணம். அவரு போறப்ப வயித்துல இருந்தா, அப்பன் மொகமே தெரியாது அவளுக்கு. பத்திரிகைல அப்பா போட்டோ போடணும், மண்டபத்துல வெச்சுக் கும்புட்டுட்டுத்தான் தாலி கட்டிக்குவன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. இதக் காட்டுனா புள்ள பயந்துக்கும் சாமி."

செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்த ஒரிஜினலு யாருகிட்டயாச்சும் இருக்குமா?"

"தெரியலீங்கம்மா."

வாய் முந்திக்கொண்டது. புத்தி பின்னால் வந்து சேர்ந்தபோது வார்த்தை போயே போய்விட்டது.

"செரி வுடு. இத்தன வருசங்கழிச்சி தேடி வந்தியே, அதே பெருசு." டீயைக் கொண்டுவந்து நீட்டினாள். "பையக் கீழ வெய்யேன், மடியில என்னாத்துக்கு?"

"இருக்கட்டுங்கம்மா."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவனுக்கு மடியே குறுகுறுத்தது.

பைக்குள் கேசட் பெட்டி. பெட்டிக்குள், பாஸ்போர்ட் அளவில், முனிவேல்.

போன ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ்காரர் கொடுத்தது. "அந்தம்மா மூஞ்சில முழிக்க எனக்கு தைரியம் இல்ல தம்பி, நீ சேத்துடு" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லித்தான் கொடுத்தார்.

சேர்க்கத்தான் வந்தான். சத்தியமாகச் சேர்க்கத்தான் வந்தான். ஆனால் ஒரு வாரமாக ராவும் பகலும் எடுத்து எடுத்துப் பார்த்ததில் அது அவனுடையதாகிவிட்டது. அந்த அட்டையின் மூலப்படம், உலகத்திலேயே ஒன்றே ஒன்று.

ஸ்கேன் எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் போதாதா, அவர்களுக்கு முகம்தானே வேண்டும் என்று மனசு வக்கீல் வேலை பார்த்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டால் சொல்ல ஒரு பொய்யும் அதற்குள் தயாராகிக்கொண்டிருந்தது.

படத்தில் முனிவேலுக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. ஸ்டுடியோக்காரன் சிரிக்கக்கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். அடக்கிக்கொண்டு பார்க்கிற கண்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான். சென்னம்மாள் வண்டிவரைக்கும் கூடவே வந்தாள்.

"கல்யாணத்துக்குக் கண்டிப்பா வந்துடணும் சாமி. அவரு பக்கம்னு சொல்லி நிக்க ஒரு ஆளு இல்ல."

"வந்துடறேங்கம்மா" என்றான்.