கடைசிப் பிள்ளையின் சாவி

“ஒரு கண்ணுக்கு வெண்ணெய், இன்னொரு கண்ணுக்குச் சுண்ணாம்பா மிஸ்?”

உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக ஆடிட்டர் கேட்டார்.

பள்ளி விட்ட பிறகு, வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் அது. அதன் பொறுப்பாளரை, பிள்ளைகளும் சரி, பெற்றவர்களும் சரி, ‘பெரிய மிஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய மிஸ் இரண்டு கையிலும் ஜோடி சேராத குட்டிச் செருப்புகளோடு நின்றிருந்தார்.

“உக்காருங்க சார். என்ன ஆச்சு?”

“அந்த ரெட்டைச் சடைப் பொண்ணுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? மீனுக்குத் தீனி போடுறது அவ. விளக்கை அணைக்கிறது அவ. வாசக் கதவைப் பூட்டுறதும் அவ. சாவிக்காரின்னு பட்டப்பேரே வெச்சாச்சு! என் பையன் வீட்டுல ஒரே புலம்பல்.”

“அது கடைசியாப் போற பிள்ளையோட வேலை சார்.”

“அப்ப நேரத்துக்கு வந்து பிள்ளையைக் கூட்டிட்டுப் போறவன் இளிச்சவாயன்! தினமும் லேட்டா வர்ற அம்மாவோட பொண்ணுக்குப் பரிசு. நல்லா இருக்கு உங்க நியாயம்.”

பெரிய மிஸ் பதில் சொல்ல வாயெடுத்தார். மூலையில் பாய் சுருட்டிக்கொண்டிருந்த இரட்டைச் சடை, காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். வந்த வார்த்தையை மென்று விழுங்கிவிட்டார்.

ஆடிட்டர் விடுவதாக இல்லை. “நாளைக் கழிச்சு பெற்றோர் கூட்டம். புதுக் கிளைக்கும் உங்களையே பொறுப்பாப் போடலாம்னு பேச்சு அடிபடுது. நான் இதைக் கிளப்பத்தான் போறேன். பாரபட்சம் பார்க்கிறவங்க கையில இன்னும் நாலு பிள்ளையைக் கொடுக்க முடியாது.”

“தாராளமாச் சொல்லுங்க சார். அதுக்கு முன்னாடி, நாளைக்குச் சாவி உங்க பையனுக்கு. ஆனா நீங்க கடைசியா வரணும். அவ்வளவுதான்.”

ஆடிட்டருக்கு வழக்கில் ஜெயித்த மாதிரி இருந்தது. “நாளைக்கு நீதான்டா சாவிக்காரன்” என்றதும் மகன் வழியெல்லாம் குதித்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் மாலை, பழக்க தோஷம், வழக்கமான நேரத்துக்கே கால் இழுத்து வந்துவிட்டது. எதிர்ச்சாரி மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டார். காப்பகத்தின் பெரிய கண்ணாடி ஜன்னல் வழியாக மகன் தெரிந்தான். கழுத்தில் கயிறு கட்டிய சாவி. மீன் தொட்டிக்கு முன்னால் ராஜா மாதிரி நடந்துகொண்டிருந்தான்.

கேட் கிரீச்சிட்டது. ஒரு பிள்ளையின் அப்பா வந்து கூட்டிப்போனார்.

மறுபடியும் கிரீச். மகன் ஜன்னலுக்கு ஓடி வந்து பார்த்தான். வேறு யாரோ.

அடுத்த கிரீச்சுக்கும் ஓடி வந்தான். அதற்கடுத்ததற்கும். ஒவ்வொரு தடவையும் முகம் கொஞ்சம் தொங்கிப்போயிற்று. யாரும் சொல்லாமலே பையை முதுகில் மாட்டிக்கொண்டான். மீன் ஞாபகமே இல்லை. சாவி பாட்டுக்குக் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளில் இப்போது அவனும் இரட்டைச் சடையும் மட்டும்தான் மிச்சம். அவன் கீழுதடு பிதுங்கியது. அவள் பக்கத்தில் வந்து, தீனியை எப்படிக் கிள்ளிப் போடுவது என்று விரலைக் குவித்துக் காட்டினாள். அவன் தலையை ஆட்டினான். கண் மட்டும் ஜன்னலிலேயே இருந்தது.

அதற்கு மேல் ஆடிட்டரால் நிற்க முடியவில்லை. சாலையைக் கடந்து கேட்டைத் தள்ளினார்.

“அப்பா வந்தாச்சு!” உள்ளே ஒரே சத்தம். தடதடவென்று மீன் தொட்டிப் பக்கம் ஓடும் காலடிகள்.

மதிலுக்கு உள்பக்கம், ஜன்னலுக்குக் கீழே, ஆஸ்பத்திரிச் சீருடையில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சாவிக்காரியின் அம்மா.

“என்னம்மா, இன்னைக்கும் லேட்டா?”

“இல்லீங்க சார். இன்னைக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. மொத ஆளா ஓடி வந்தேன். எம் பொண்ணுதான் இங்கேயே உக்கார வெச்சுட்டா.”

“எதுக்கு?”

“இன்னைக்கு உங்க பையன்தான் கடைசியாம். ‘பாவம், அவனுக்குப் பழக்கமில்லம்மா. அவங்கப்பா வர்ற வரைக்கும் நான் கூட இருக்கேன். நீ தலையைக் காட்டாதே, அடுத்தவங்க அம்மாவைப் பார்த்தா அழுகை வந்துடும்’கிறா.”

உள்ளே விளக்குகள் ஒவ்வொன்றாக அணைய ஆரம்பித்தன.

“முன்னெல்லாம் இவளும் தினம் அழுவா சார். பெரிய மிஸ்தான், ‘கடைசிப் பிள்ளைன்னா விட்டுப்போன பிள்ளை இல்லடி, இந்த வீட்டையே காவல் காக்கிற பிள்ளை’ன்னு சாவியைக் கையில கொடுத்தாங்க. இப்ப என்னையே, ‘ஓடி வராதே, மெதுவா வா’ங்கிறா.”

ஆடிட்டர் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “ஆமா சார், நாளைக்குக் கூட்டத்துல அவங்க மேல ஏதோ புகார் இருக்காமே? நிசமா?”

வாசற்கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. இரண்டு பிள்ளைகள் சிரிக்கும் சத்தமும்.

“இருந்துச்சும்மா” என்றார் ஆடிட்டர். “இப்ப இல்லை.”