கை நிழல்

சைக்கிள் டயருக்குக் காற்றடித்துவிட்டு, "டாக்டரே ஒண்ணும் இல்லைன்னுட்டாரு, நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?" என்று சிரித்தபடி நிமிர்ந்தவர், அப்படியே சரிந்தார்; பிறகு எழவே இல்லை. ஸ்கேன் டெக்னீஷியனான அவள், தன் கணவரின் இதயப் படம் இருந்த அந்த சிடியை இன்னும் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள்.

அவர் படத்தில் ரத்தக்குழாய் ஓரிடத்தில் நூலாய்ச் சுருங்கியிருந்தது. "மூச்சை அடக்கத் தெரியாத ஆளு. அசைஞ்சதுல வந்த கலங்கல். வீட்டுக்கு அனுப்பு" என்று ஒரே மூச்சில் முடித்தவர், இதோ, எதிரே நிற்கும் இந்தப் பெரிய டாக்டர்தான்.

இன்று ஆராய்ச்சிக்கான இதயப் படங்களை அவர் பார்த்துச் சொல்லவேண்டும். பாரபட்சம் வரக்கூடாதென்று பெயரை மறைத்து எண் மட்டும் போட்டிருந்தார்கள். ஆள் குறைந்தால் ஆஸ்பத்திரிக்காரர்களே மெஷினில் படுத்துக்கொடுப்பதும் உண்டு.

"இந்தக் கோட்டைக் கொஞ்சம் போட்டு விடும்மா" என்றார். இடது தோள் இறுகிப்போன மனிதர். போட்டுவிட்டாள்.

கைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த படத்தைத் திரையில் திறந்தாள்.

"என்னம்மா எடுத்து வச்சிருக்கே? கையைத் தலைக்கு மேல தூக்கச் சொல்லலையா? நெஞ்சு பூரா கை நிழல்!"

"சொன்னேன் சார். ஒரு கை மேல வரலை."

"நல்லா ஆள் பிடிக்கிறீங்க!"

சுற்றி நின்ற ஜூனியர் டாக்டர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"இங்க குழாய் சுருங்கியிருக்கே சார்?"

"அது நிழலு. படம் எடுக்கிறதோட உன் வேலை முடிஞ்சுது. எனக்குப் பாடம் எடுக்காதே."

"இன்னொரு தடவை நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார்."

"பாத்தாச்சும்மா! ஆளு குதிரை மாதிரி இருக்கான். வீட்டுக்கு அனுப்பு."

அந்த வார்த்தைக்காகத்தான் அவள் காத்திருந்தாள். ஜூனியர்கள் முன்னால் அவர் 'நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடும்வரை பொறுத்தாள்.

"அப்ப நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க சார். இது உங்க படம்."